பாதயாத்திரை போன நாய்

உங்கள் சொந்தக்காரர் வீட்டு நாய் ஒன்று எங்கிருந்தோ தானாக நடந்து வீடு வந்து சேர்ந்திருக்குமே, அந்தக் கதையை நீங்கள் எத்தனை கிலோமீட்டரில் சொல்கிறீர்கள்?

எங்கள் சொந்தத்தில் இந்தக் கதை இல்லாத வீடே கிடையாது. பெரியப்பா வீட்டு நாய் கோயம்பேட்டிலிருந்து நடந்து வந்ததாம். நான் ஸ்கூல் படிக்கும்போது அதே நாய் கும்மிடிப்பூண்டியிலிருந்துதான் வந்திருந்தது. நான் டிகிரி முடிப்பதற்குள் நாய் செத்துப்போய்விட்டது. தூரம் மட்டும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அது ரோட்டில் நடந்து வந்ததைப் பார்த்த ஆள் ஒருத்தரும் கிடையாது. எல்லோரும் பார்த்தது வாசலில் நின்று வாலாட்டியதை மட்டும்தான். அடுத்த தெருவில் கறிக்கடை வாசலில் நாலு நாள் படுத்திருந்துவிட்டு வந்திருந்தாலும் அது அப்படித்தான் வாலாட்டியிருக்கும்.

வராத நாய்களுக்குக் கதையே இல்லை என்பது இன்னொன்று. ஹைவேயில் லாரி டயரில் ஒட்டிக்கொண்டு போனவை எத்தனை, கார்ப்பரேஷன் வண்டியில் ஏறியவை எத்தனை, வேறு வீட்டில் பிஸ்கெட் கிடைத்ததும் பழைய வீட்டை மறந்தவை எத்தனை? டீக்கடையில் உட்கார்ந்து "எங்க நாயி திரும்பி வரவே இல்ல" என்று பெருமையாகச் சொல்லும் ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. இதை ஒருமுறை கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னேன். படிச்ச திமிர் என்றார்கள். கேள்விக்குப் பதில் தெரியாதபோது எங்கள் ஊரில் தரப்படும் பதில் அது.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் 'மூக்கு' என்பார்கள். நாய்க்கு மூக்கு இருக்கிறது, மூக்கு இருந்தால் போதும், ஆந்திராவில் எந்த மூலையில் விட்டாலும் வந்துவிடும். நெட்டில் வேறு எதையோ தேடும்போது, நாய் திரும்பும் வழியை முடிவு செய்வதற்கு முன் வடக்கு தெற்காகக் கொஞ்ச தூரம் ஓடிப் பார்க்கும் என்று நானும் படித்தேன். இருக்கலாம். ஆனால் போன வருஷம் புரட்டாசியில் எங்கள் வீட்டு நாய் திரும்பி வராமல் போனதற்குக் காரணம் வடக்கும் இல்லை, தெற்கும் இல்லை. மனுஷன்.

எங்கள் ஊர் ஆந்திர எல்லையில், சத்தியவேடு பக்கம். ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஏரி. அந்த ரோட்டில்தான் ஸ்ரீசிட்டி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்கள் ஷிப்ட் நேரத்துக்குப் பறக்கும். நைனாவுக்கு ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம், அதில் வேர்க்கடலை. அம்மாவுக்கு ஆடுகள். நிலம் வருவதற்கு முன்னால் எங்கள் வீடு ஓடியது அந்த ஆடுகளால்தான். இப்போது நைனாவுக்கு அவற்றின் வாடை பிடிக்கவில்லை. பையன் திருப்பதியில் ரூம் எடுத்து எம்.சி.ஏ. படிக்கிறான், நாளைக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் கொட்டகையைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது அவருடைய கவலை. நானே யாரையும் பார்க்கச் சொல்லவில்லை.

அம்மாவுக்குக் குதிகால் வீங்கும். நடப்பாள், ஓட முடியாது. ஓடுகிற வேலை எல்லாம் நாயுடையது. செம்பட்டை நிறம், ஒரு காது கிழிந்தது, பெயர் கிடையாது. நாய் என்று கூப்பிட்டால் வரும். ஏரியில் தண்ணீர் இல்லாத இடத்தில் ஆடுகள் மேயும்போது, அது போய் ரோட்டோரத்தில் ஆடுகளைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்ளும். எந்த ஆடும் அதைத் தாண்டாது. சாயந்திரம் அம்மா வாயாலேயே "ட்ர்ர்ர் ஹேய்" என்று ஒரு சத்தம் கொடுத்தால், சுற்றி வளைத்து எல்லாவற்றையும் வீட்டுப் பக்கம் திருப்பிவிடும். நைனா ஆடுகளை விற்கச் சொன்னபோதெல்லாம் அம்மா சொன்ன பதில் ஒன்றுதான். மேய்க்க முடியாமல் போகிற அன்றைக்கு விற்கலாம். அதாவது நாய் இருக்கிறவரைக்கும் ஆடு இருக்கும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

புரட்டாசி வந்தால் எங்கள் ஊரில் பாதி ஆம்பிளைகள் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு திருப்பதிக்கு நடப்பார்கள். நாகலாபுரம், புத்தூர், வடமாலபேட்டை என்று ராத்தங்கல் போட்டு, வழியெல்லாம் யாரோ போட்ட பந்தலில் சாப்பிட்டு, கோவிந்தா கோவிந்தா என்று தொண்டை கட்டுகிறவரைக்கும் கத்திக்கொண்டு போவார்கள். பாத்திரம் பண்டம், பாய், பை எல்லாம் குட்டி யானை வண்டி ஒன்றில் கூடவே வரும். நடையா, அன்னதானமா, எது பெரிய புண்ணியம் என்று நான் கேட்டிருக்கிறேன். கிளம்பும்போது ஒல்லியாகக் கிளம்பி குண்டாகத் திரும்பி வருகிற யாத்திரையை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. குழுவுக்குத் தலைவர் என் நைனா.

போன வருஷம் குழு கிளம்பியபோது நாயும் பின்னாலேயே போயிருக்கிறது. இதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. முதல் பந்தலில் பொங்கல் போட்டார்கள், துன்னது. இரண்டாவது பந்தலில் தயிர்சாதம். நாயாக இருந்தால் நானும் போயிருப்பேன். ஆனால் குழுவில் ஒருவருக்கு அதன் நடையில் பக்தி தெரிந்திருக்கிறது. இன்னொருவர் தன் மஞ்சள் துண்டைக் கிழித்து அதன் கழுத்தில் கட்டிவிட்டார். மூன்றாமவர் அது போன ஜென்மத்தில் யார் என்பதைக்கூடக் கண்டுபிடித்துவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் அம்மா போன் போட்டு, யாரிடமாவது பைக்கில் கொடுத்து அனுப்பு, நாளைக்கு ஆடு ஓட்ட வேண்டும் என்றாள். நைனா முடியாது என்றுவிட்டார். எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. பெருமாளைப் பார்க்க என்று குழுவோடு காலெடுத்து வைத்த யாரையும் பாதி வழியில் திருப்பி அனுப்பக்கூடாது. காய்ச்சல் வந்தால்கூடக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவார்கள். திருப்பினால் மொத்தக் குழுவின் நடையும் வீண். இது மனுஷர்களுக்காகப் போட்ட முறை. அதை நாய்க்கும் பொருத்திப் பார்க்கிற புத்தி உலகத்தில் எங்கள் ஊரைத் தவிர வேறு எங்கே இருக்கும் என்று தெரியவில்லை.

குழு மலையேறி, மொட்டை போட்டு, கீழே இறங்கி, வழக்கம்போல வண்டியில் ஊர் திரும்பியது. நாய் திரும்பவில்லை. மலையடிவாரக் கூட்டத்தில் காணாமல் போய்விட்டது என்றார் நைனா. அம்மா கேட்டதற்கு, வந்த வழி அதற்குத் தெரியும், பெருமாளே இட்டுகினு வந்து விடுவார் என்றாராம். பெருமாளுக்கு வேறு வேலை இல்லை.

தேடுகிற வேலை எனக்கு வந்தது. திருப்பதியில் இருக்கிறவன் நான்தானே. அலிபிரியில், மலையேறும் படிக்கட்டுக்குக் கீழே போய் நின்றேன். செம்பட்டை நாய் வேண்டுமா? எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே இருப்பதெல்லாம் செம்பட்டைதான். கழுத்தில் மஞ்சள் துணி அடையாளம் என்றாள் அம்மா. மஞ்சள் துணி கட்டிய நாய் மட்டும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு கூட்டமே இருந்தது. ஒவ்வொரு ஊர்க் குழுவும் தங்கள் பங்குக்கு ஒரு பக்தனை இழுத்து வந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறது. போன ஜென்மத்து மகான்கள் எல்லாம் குப்பைத் தொட்டி பக்கத்தில் இலை நக்கிக்கொண்டிருந்தார்கள். பூக்காரி ஒருத்தி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏ குக்கா பாபூ? இக்கட அன்னீ குக்கலே" என்றாள். எந்த நாய் என்று கேட்கிறாய், இங்கே எல்லாம் நாய்தான் என்று. சொல்லும்போது நாய்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

ஒன்றுக்குக் காது கிழிந்திருந்தது. முகமும் ஒத்துப்போனது. நாலு பக்கமும் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"இதா நம்ம நாயி?"

"காது பாரும்மா."

"காத வுடு. பின்னால பாரு. அது கடா நாயிடா. நம்மளுது பொட்ட."

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கடாதான்.

"இத்தன வருசம் சோறு வெச்ச ஊட்ல, பொட்டயா கடாவான்னு தெரியாம படிச்சிகினு கீற. இன்னாத்தடா படிக்கிற?"

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை போனேன், அம்மாவின் வாய்க்குப் பயந்து. சொந்தக்காரர்கள் குரூப்பில் ஆளாளுக்கு நாய் போட்டோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கறுப்பு நாய் அனுப்பினார். இன்னொருவர் ஏதோ வெளிநாட்டு நாய் பனியில் நடக்கிற வீடியோ அனுப்பி, நம்பிக்கை வைக்கச் சொன்னார். பெரியப்பா கோயம்பேட்டுக் கதையைக் குரல் பதிவாகப் போட்டார். எனக்கு வேறு நாய்க்குட்டி வாங்கித் தருவது சுலபமாகத் தெரிந்தது. சொன்னேன். குட்டி ஆட்டோடு பழகி வேலைக்கு வர ஒரு வருஷம் ஆகும், அதுவரைக்கும் உங்க நைனா சும்மா இருப்பாரா என்று கேட்டாள் அம்மா.

அவர் சும்மா இருக்கவில்லை. நாய் இல்லாமல் ஆடுகள் பக்கத்து நிலத்தில் இறங்கின. சண்டை வந்தது. ஒரு ஆடு ரோட்டில் ஏறி, கம்பெனி பஸ் சடன் பிரேக் போட்டு, டிரைவர் இறங்கி வந்து அம்மாவைத் தெலுங்கில் திட்டிவிட்டுப் போனான். அம்மா ஆட்டுக்குப் பின்னால் ஓடப் பார்த்து குதிகால் இன்னும் வீங்கிக்கொண்டது. நைனா வியாபாரிக்குச் சொல்லியனுப்பினார். சந்தை முடிந்ததும் வந்து மொத்தமாக ஏற்றிக்கொள்வதாக அவனும் சொல்லிவிட்டான். அம்மா வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் நின்றாள். மேய்க்க முடியாமல் போகிற அன்றைக்கு விற்கலாம் என்று அவள் சொன்ன வாக்கையே நைனா எடுத்து அவள் முன்னால் வைத்தார். தினமும் சாயந்திரம் விளக்கேற்றி, அவருடைய அதே வாயால் நாய் நல்லபடியாக வந்து சேரவேண்டும் என்று வேண்டுதலும் நடந்தது. பார்க்க ரொம்ப உருக்கமாக இருந்ததாம்.

சந்தைக்கு முந்தின நாள் சித்தப்பா, அதாவது நைனாவின் தம்பி, கண் டெஸ்டுக்காகத் திருப்பதி வந்தார். ஸ்ரீசிட்டியில் பெயின்ட் அடிக்கிற வேலை, அன்றைக்கு வீக்லி ஆஃப். அவரும் யாத்திரை போய் மொட்டை போட்டவர்தான், முடி வளர்கிற அரிப்புக்குத் தலையில் தொப்பி. டிபன் வாங்கிக் கொடுத்தேன். நாய் தேடி அலைந்த என் கஷ்டத்தைச் சொன்னதும் அவர் தோசையை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"டேய், அது காணாப் போவலடா. உங்க நைனா தொரத்திட்டாரு."

நடந்தது இதுதான். நாயை மலைக்கு விடமாட்டார்கள் என்பதால் அலிபிரியில் வண்டிக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டு இவர்கள் ஏறியிருக்கிறார்கள். வழியெல்லாம் ஒவ்வொரு தங்கலிலும் அது அந்தக் குட்டி யானைக்கு அடியில்தான் படுத்துத் தூங்கியிருக்கிறது. அங்கேயும் அப்படியே படுத்துக்கொண்டது. மறுநாள் விடியக்காலையில் இவர்கள் திரும்பி வந்தார்கள். எப்படி? எல்லோர் தலையும் மொட்டை. மொட்டை முழுக்கச் சந்தனம். குளத்தில் முங்கி, பழைய துணியை அங்கேயே விட்டுவிட்டுப் புது வேட்டி. தொண்டை போய் குரலும் மாறியிருக்கிறது. இருட்டும் வெளிச்சமுமான நேரத்தில் ஒரே வாசனையில் ஒரே மாதிரித் தலைகள் வரிசையாக வந்து வண்டியில் கைவைத்தால் ஒரு நாய் என்ன செய்யும்? எல்லோரும் கொண்டாடுகிற அந்த மூக்கு சந்தனத்திடம் தோற்றுப்போனது. விடவில்லை. வண்டிக்கு முன்னால் நின்று பல்லைக் காட்டியது. தலைவர், 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று முன்னால் போய் நாயின் கழுத்துத் துணியைப் பிடித்திருக்கிறார். அது அவருடைய புது வேட்டியைக் கிழித்துவிட்டது.

நாய் கிழித்தது பிரச்சினை இல்லை. குழு சிரித்துவிட்டது. அதுதான் பிரச்சினை. நைனா கல்லை எடுத்து அடித்தார். ஒன்று இல்லை, அது ரோட்டைத் தாண்டி ஓடுகிறவரைக்கும் அடித்தார். பாதி வழியில் யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்று சொன்ன அதே ஆள்.

"சாமி பாத்துட்டு வந்து சண்ட கூடாது, ஊட்ல யாரும் சொல்லாதீங்கன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிகினாரு" என்று முடித்தார் சித்தப்பா. பிறகு தோசையைத் துன்ன ஆரம்பித்தார். சத்தியத்தை மீறியதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை, சட்னி இன்னும் கொஞ்சம் கேட்டார்.

அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "கால்ல பட்டுச்சா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன்.

தேடிய இடம் தப்பு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது வீட்டைத் தேடவில்லை, வீட்டுக்கு வழியும் அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு வண்டி. வண்டி எங்கெல்லாம் நின்றதோ அந்த இடங்கள். அலிபிரியிலிருந்து கல்லடி வாங்கி ஓடியது, அலிபிரிக்கு முன்னால் வண்டி கடைசியாக ராத்திரி நின்ற இடத்துக்குத்தான் போகும். அங்கே வண்டி இல்லை என்றால் அதற்கு முந்தின இடம். என் ரூம்மேட் இதைக் கேட்டுவிட்டு, உன் நாய் என்ன கூகுள் மேப்பா என்றான். பைக் சாவியைக் கொடுத்தால் போதும், அறிவுரை வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு மறுநாள் காலையில் கிளம்பினேன்.

வடமாலபேட்டையில் குழு தங்கிய புளியமரத்தடிக்குப் போனேன். பந்தல் எல்லாம் பிரித்துவிட்டார்கள். எதிரில் இருந்த டீக்கடைக்காரரிடம் கேட்டதும் கையைக் காட்டினார், வண்டி எண்ணெய் சிந்திய கறை இருந்த இடம். மஞ்சள் துணி கட்டிய பெண் நாய் ஒன்று அந்தக் கறைமேல் படுத்துக்கொண்டு நகரவே இல்லையாம். கோவிந்தா குக்கா என்று பேர் வைத்து பன் போட்டிருக்கிறார்கள். பின்னங்காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தது, அப்புறம் ஒருநாள் காணோம் என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். புத்தூர்ப் பக்கம்.

புத்தூர் எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப்போடுகிற ஊர் என்பதால் கையும் காலும் கட்டிக்கொண்டு ஆட்டோவில் போகிற கூட்டத்தைத் தாண்டி, குழு தங்கிய கல்யாண மண்டபத்துக்குப் போனேன். மண்டபத்துக்குப் பின்னால் சாமியானா வாடகைக்கு விடுகிறவர் தன் குட்டி யானையை நிறுத்தியிருந்தார். எங்கள் குழு கொண்டுபோன வண்டி மாதிரியே நீலம். அதற்கு அடியில் நாய் படுத்திருந்தது. காது கிழிந்தது, துணி அழுக்கில் மஞ்சளே தெரியவில்லை. இந்தத் தடவை முதலில் பின்னால் பார்த்தேன். பெண் நாய்.

என்னைப் பார்த்து உறுமியது. இவ்வளவு தூரம் வந்தவனுக்கு அந்த மரியாதை. பன் வாங்கிப் போட்டேன், துன்னுவிட்டு மறுபடி உறுமியது. சாமியானாக்காரர் சந்தோஷமாக, யாரையும் வண்டிகிட்ட விடாது தம்பி, எனக்குக் கடவுள் அனுப்பிச்ச காவல் என்றார். இன்னொரு பக்தர். போன வருஷம் இந்த ரோட்டில் கடவுள் நாய் விநியோகம் தவிர வேறெதுவும் செய்யவில்லை போலிருக்கிறது.

அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, சத்தம் கொடுக்கச் சொன்னேன். "ட்ர்ர்ர் ஹேய்" என்றாள். நாய் வண்டிக்கடியிலிருந்து வெளியே வந்தது. சுற்றிலும் பார்த்தது. ஆடுகளைத் தேடுகிறது. மண்டபம், இலைக் குப்பை, நான். கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைச் சுற்றி ஓடிப் பின்னால் வந்து நின்றது.

"இன்னாடா பண்து?"

"என் பின்னால வந்து நிக்குதும்மா."

"உன்ன ஓட்டுது. ரோட்டு பக்கம் போயிடாத, வுடாது."

விடவில்லைதான். பைக் ரோட்டோரத்தில் நின்றது. அதை எடுக்கப் போனால் நாய் நொண்டிக்கொண்டே முன்னால் ஓடி, ரோட்டு விளிம்பில் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டது. எம்.சி.ஏ. படிக்கிற என்னை அது ஆட்டில் சேர்த்துவிட்டது. சாமியானாக்காரர் வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்து முடித்த நல்ல மனதில், வாடகைக்கு வண்டியை எடுத்தார். நாய் தானாக ஏறி உட்கார்ந்தது. நான் பின்னால் பைக்கில்.

வீட்டுக்குப் போனபோது வியாபாரி வந்திருந்தான். கொட்டகை வாசலில் அவன் வண்டி நின்றது, ஆடுகளை ஒவ்வொன்றாக வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். நைனா பக்கத்தில் கைகட்டி நின்றார். அம்மா கொட்டகைத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாய் குட்டி யானையிலிருந்து குதித்து, யாரையும் பார்க்காமல், நேராகக் கொட்டகைக்குள் போனது. நைனாவைத் தாண்டும்போது மட்டும் ஓரமாக ஒதுங்கிப் பல்லைக் காட்டிவிட்டுப் போனது.

"பாத்தியா? பெருமாளு கொண்டாந்து வுட்டாரு" என்றார் நைனா.

அம்மா முதல்முறையாகத் திரும்பினாள். "கல்லால அட்ச்சி தொரத்தனது யாரு, அதுவும் பெருமாளா?"

வியாபாரி ஆட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தான். நைனா என்னைப் பார்த்தார். நான் பைக்கைத் துடைத்தேன்.

"கடிக்க வந்துச்சி" என்றார் மெதுவாக. "சாமி பாத்துட்டு வரவன கடிக்கலாமா?"

"மொட்ட அட்ச்சிகினு சந்தனம் பூசிகினு அந்த இருட்டுல வந்தா, நானே கடிச்சிருப்பேன்."

வியாபாரி சிரித்துவிட்டான். நைனாவுக்கு மறுபடியும் ஆட்கள் முன்னால் சிரிப்பு. ஆனால் இந்த முறை அவர் கைக்குக் கல் எதுவும் கிடைக்கவில்லை. அம்மா வியாபாரியிடம், ஆடு விற்கிறது இல்லை, வந்ததற்கு மோர் குடித்துவிட்டுப் போ என்றாள். நைனா விற்கச் சொல்லி இன்னொரு வார்த்தை பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? மேய்க்க முடியும் என்பது கொட்டகைக்குள் வந்து படுத்துவிட்டது.

இதற்குப் பிறகு அவர் திருந்தினார் என்று நீங்கள் எதிர்பார்த்தால், எங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியாது. பொங்கலுக்கு வந்தவர்களிடம், நாய் திருப்பதியிலிருந்து தன்னந்தனியாக நடந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தேன். பைக்குக்குப் பெட்ரோல் போட்டவன், குட்டி யானையின் புகையைப் புத்தூரிலிருந்து குடித்துக்கொண்டே வந்தவன் நான். ஒரு வார்த்தை சொல்லவில்லை, கரும்பு நன்றாக இருந்தது. நாய் அவரைக் கொஞ்ச நாள் கொட்டகைப் பக்கம் விடவே இல்லை. முடி வளர்ந்தபிறகு விட்டது. மன்னித்துவிட்டது, பார் அதன் குணத்தை என்று அத்தை ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மன்னிப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தலையில் முடி இருக்கிற ஆள் யார் என்று அதற்குத் தெரியும், அவ்வளவுதான்.

இந்த வருஷமும் புரட்டாசி வந்துவிட்டது. இன்று காலையில்தான் குழு கிளம்பிப் போனது, தலைவர் அவரேதான். பொங்கல் வாசனைக்கு நாய் மறுபடி பின்னால் போய்விடும் என்று அம்மா நேற்றே அதைக் கொட்டகைத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டாள். குதிகால் வீங்கி அவளும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நாளைக்கு நீ ஆட்டை ஓட்டு என்று, லீவுக்கு வந்த என்னை அனுப்பியிருக்கிறாள். ஏரியில் ஒரு கருவேல நிழலில் உட்கார்ந்து போனில் இதை டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி நிற்கிறது. ஆடுகள் ரோட்டில் இருக்கின்றன.